கூடை இறங்கிய பிறகும் இறங்காத நோவு

(தோட்ட மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அங்கத்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே பிரசுரிக்கிறோம்.)



இன்றைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிப் பேசப் போவதில்லை. அதற்கு அடுத்த மாதம் தலைவர் வருகிறார். இன்றைக்கு நம் உடம்பைப் பற்றிப் பேசுவோம். சங்கக் கூட்டத்தில் உடம்பு நோவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சந்தா வாங்க லயம் லயமாகப் போகும்போது நாங்கள் அதிகமாகக் கேட்கிற பேச்சு எது தெரியுமா? "கழுத்தைத் திருப்ப முடியல", "இடுப்பு விட்டுப்போச்சு", "ராத்திரி தோள் குடைச்சல்ல தூக்கமே இல்ல." சம்பளத்தைப் பற்றிய முறைப்பாடு அதற்குப் பிறகுதான் வருகிறது.

பாடசாலையிலும் இதைப் பார்க்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "எனது அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னால், அம்மா காலையில் எழும்புவார், ரொட்டி சுடுவார், மலைக்குப் போவார் என்று வரும். கடைசி வரியில் அரைவாசிப் பிள்ளைகள், அம்மாவின் முதுகில் தைலம் தேய்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று எழுதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நமக்கும் அது சாதாரணமாகிவிட்டது.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்ப்போம். நோவு வந்தால் கை வேகம் குறையும். 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது வராத நாளில் அரைப்பேர். நோவு கூடினால் வேலைக்குப் போகாத நாள். ஈ.பி.எப்புக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பனி 12 சதவீதம் போட வேண்டும். பேர் குறைந்தால் இரண்டுமே குறையும். கடைசியில் ஒரு நாள், "இனி என்னால ஏலாது" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியாக வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. 46 வயதில் நோவு தாங்காமல் நிற்கிற ஒரு அக்கா, 55 வரைக்கும் வேலை செய்தால் கிடைக்கக்கூடிய ஒன்பது வருடக் கணக்கை மலையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அதனால்தான் இது சங்கத்தின் விசயம். உடம்பு ஏலாமல் வேலையை விட நினைக்கிறவர்கள், எதிலும் கையெழுத்து வைப்பதற்கு முன் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இலகு வேலை கேட்கலாம், வைத்தியத் துண்டு காட்டலாம். வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

சரி, இந்த நோவு எங்கிருந்து வருகிறது? கொழுந்தெடுக்கிறவரின் உடம்பை ஒரு நிமிசம் கற்பனை செய்யுங்கள். கயிறு உச்சந்தலையில். கூடை முதுகில். கூடை பின்னுக்கு இழுக்க, கழுத்து முன்னுக்குத் தாங்குகிறது. கொழுந்து சேரச் சேர, மழை நாளில் ஈரத்தோடு சேர்த்து, அந்தப் பாரம் கூடுகிறது. இரண்டு கையும் முன்னால். விரல் நூற்றுக்கணக்கான தரம் ஒரே மாதிரி மடங்குகிறது, கை தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசுகிறது. கால் சரிவில், ஒன்று மேலே ஒன்று கீழே. இடுப்பு முன்பக்கம் வளைந்தபடி. காலையிலிருந்து மடுவம் வரைக்கும் இதே நிலை. மறு நாளும் இதே. இருபது வருடமும் இதே.

ஆண்களுக்கு வேறு விதம். கவ்வாத்துக் கத்தி வீசுகிறவருக்கு ஒரு பக்கத் தோளும் மணிக்கட்டும். முள்ளுக் குத்துகிறவருக்கும் கான் வெட்டுகிறவருக்கும் இடுப்பு. மருந்தடிக்கிறவர் முதுகில் சுமக்கும் டாங்கி 16 லீற்றர் பிடித்தால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ, டாங்கியின் பாரம் வேறு. ஸ்டோரில் நிற்கிற பிள்ளைகளுக்குக் குதிகாலும் கெண்டைக்காலும். எல்லாருக்கும் நோவு உண்டு. இடம்தான் வேறு.

ஒரு நாள் பாரம் தூக்கியதால் வரும் நோவு சில நாளில் போய்விடும். மூன்று மாதத்துக்கு மேலே நிற்கிற நோவைத்தான் வைத்தியர்கள் நாட்பட்ட நோவு என்கிறார்கள். இதில் ஒரு விசயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நோவு மாதக்கணக்கில் நிற்கும்போது, நோவைச் சொல்கிற நரம்புகளே அதிகமாக விழிப்படைந்துவிடுகின்றன. நாய் ஒன்று திருடனைக் கண்டு குரைப்பது நல்லது. அதே நாய் இலை அசைந்தாலும் குரைக்கப் பழகிவிட்டால்? அந்த மாதிரி, சின்ன அசைவுக்கும் நரம்பு கத்துகிறது. படம் பிடித்தால் ஒன்றும் தெரியாது, இரத்தம் சோதித்தாலும் ஒன்றும் வராது. "உனக்கு ஒண்ணும் இல்ல, வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது கள்ளம் இல்லை. நோவு உண்மை. தூக்கம் கெட்டாலும், கடன் கவலை கூடினாலும் அந்த நோவு கூடும் என்பதும் உண்மை. உடம்பு முழுக்க நோவு, எழும்பும்போதே களைப்பு, தூங்கியும் தூங்காத மாதிரி என்று வருடக்கணக்கில் படுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கு வைத்தியத்தில் பைப்ரோமயால்ஜியா என்று பெயரே இருக்கிறது. பெண்களிடம்தான் அதிகம் காண்கிறார்கள்.

ஆனபடியால் முதல் வேலை, ஒரு முறை ஒழுங்காக வைத்தியரிடம் காட்டுவது. தோட்ட டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை வாங்கிக்கொண்டு வருவதை நாங்கள் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மாதமாக, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று சொல்லிக் காட்டுவது. தசை நோவு மாதிரித் தெரிகிற பல விசயங்களுக்கு வேறு காரணம் இருக்கும். இரத்தக் குறைவு, தைரொயிட் குறைவு, சீனி வருத்தம் எல்லாம் உடம்பை அடித்துப்போட்ட மாதிரி ஆக்கும். கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கிற சில குளிசைகளாலும் சிலருக்குத் தசை நோவு வரும். அதைத் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் பயமுறுத்தவும் வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு நோவோடு சிறுநீர் கட்டிக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் பலமிழந்து இழுத்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு அங்கே கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுத்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், கான் வெட்டியவர்களும் வயல் பக்கம் போனவர்களும் முக்கியமாகக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் அதை நீவக் கூடாது, இரத்தம் கட்டியிருக்கலாம். நெஞ்சு அடைப்பு, இடது தோள், தாடை நோவு, வியர்வை இவை சேர்ந்து வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பெண்களுக்கும் மாரடைப்பு வரும். காரணம் தெரியாமல் மெலிந்துகொண்டே போவது, படுத்தாலும் குறையாத ராத்திரி நோவு, விழுந்த பிறகு வந்த நோவு, இவற்றையும் காட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது குளிசை. டவுன் பாமசியில் "நோவுக்குக் குடுங்க" என்றால் கடுதாசியில் சுற்றி நாலு குளிசை தருவார்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோபெனாக் இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு வைத்தியர் சொல்லிப் போட்டால் உதவும். மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு போட்டால் குடலில் புண் வரும், பிரஷர் கூடும், சிறுநீரகம் பழுதாகும். ஏற்கெனவே பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. பெனடோலும் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேலே போகக் கூடாது, அதுவும் தினம் தினம் அல்ல. பெயர் ஒட்டாத தூள், பெயர் ஒட்டாத உருண்டை கொண்டுவந்து லயத்து வாசலில் விற்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். சாப்பிட்ட மறுநாளே நோவு பறந்துவிட்டதென்றால் அதற்குள் ஸ்டீரொயிட் கலந்திருக்க இடமிருக்கிறது. அது முகத்தை ஊத வைக்கும், எலும்பைத் தேய்க்கும், சீனியைக் கூட்டும். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். ஊர் பேர் இல்லாத மருந்து நல்ல மருந்தாக இருந்தால், விற்கிறவர் தன் பெயரைப் போட ஏன் பயப்படுகிறார்?

இதைச் சொன்னதால் நாட்டு வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நம் அம்மாயிமார் செய்த பல காரியம் நல்ல காரியம். சூட்டு ஒத்தடத்தைப் பாருங்கள். கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டியோ, செங்கல்லைச் சூடாக்கிச் சாக்கில் சுற்றியோ, வெந்நீர்ப் போத்தலை வைத்தோ, பதினைந்து இருபது நிமிசம் ஒத்தடம் கொடுத்தால் இறுகிய தசை தளரும். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பதும் இதமானது, குளிரில் நனைந்து வந்த உடம்புக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், அவர்கள் வெந்நீரில் கால் வைத்து வெந்துபோனதுகூட உண்டு. புதிதாக அடிபட்டுச் சிவந்து வீங்கியிருக்கும் இடத்தில் சூடு வேண்டாம்.

எண்ணெய் தடவி நீவுவதும் அப்படியே. சித்தாலேப என்றாலும், கோடாலித் தைலம் என்றாலும், வெறும் தேங்காயெண்ணெய் என்றாலும், நோவு குறைவது பாதி சூட்டாலும் எரிவாலும், பாதி ஒரு கை நம்மைத் தொடுவதாலும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு நோவுக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், நீவுதல், ஊசிக் குத்து வைத்தியம் போன்றவற்றைக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. இடுப்பு பெல்ட் கட்டுவதையும், இடுப்பை இழுத்துக் கட்டும் வைத்தியத்தையும், அபின் சார்ந்த வலி மருந்துகளையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து பெல்ட் வாங்க நினைக்கிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். மற்றது, பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிற பழக்கம். சுகமாகத்தான் இருக்கும். முள்ளந்தண்டுக்கு மேலே மிதிக்க விடாதீர்கள், வயதான அம்மாமாருக்கு அது வேண்டவே வேண்டாம், எலும்பு லேசாகியிருக்கும்.

சித்த, ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிறவர்கள் பதிவு செய்த வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டப்படி இந்த நாட்டில் வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கே போனால் ஆஸ்பத்திரிக் குளிசையையும், ஆஸ்பத்திரிக்குப் போனால் கசாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அக்குபங்சர் சீனத்து வைத்தியம். கொழும்பு தெற்கு ஆஸ்பத்திரியில் வாதநோய் வைத்தியராக இருந்த அன்டன் ஜயசூரிய இந்த நாட்டில் அதைப் பரப்பினார். சிலருக்கு நல்ல ஆறுதல் கிடைக்கிறது. ஊசி புதிதாக உறையிலிருந்து எடுத்ததா என்று மட்டும் கண்ணால் பாருங்கள்.

மந்திரித்து விபூதி போடுவதைப் பற்றியும் ஒரு அக்கா கேட்டார். கோயிலுக்குப் போய் மனம் ஆறினால் நோவும் கொஞ்சம் ஆறும், அதில் தப்பில்லை. முன்னே சொன்ன அபாயக் குறிகள் இருக்கும்போது மட்டும் ஆஸ்பத்திரி முதலில், கோயில் பிறகு.

இனி உடற்பயிற்சி. இதைச் சொன்னவுடன் போன கூட்டத்தில் சிரித்தீர்கள். "எட்டு மணித்தியாலம் மலை ஏறி இறங்குறோம், இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?" நியாயமான கேள்வி. வேலை உடம்பை ஒரே திசையில்தான் அசைக்கிறது, களைத்த பிறகும் நிறுத்த விடுவதில்லை. பயிற்சி என்றால் வேலை செய்யாத திசையில், பாரமில்லாமல், நம் இஸ்டப்படி நிறுத்தக்கூடிய அசைவு. நாள் முழுக்க முன்னுக்கு வளைந்த இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோவது, முன்னுக்கு மடங்கிய விரலை விரிப்பது. ஓய்வு மட்டும் எடுத்தால் போதாதா என்றால், இரண்டொரு நாள் போதும். வாரக்கணக்கில் படுத்தால் தசை மெலிந்து நோவு இன்னும் லேசாக வரும். பைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குக்கூட, ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் சங்கம் உறுதியாகச் சிபாரிசு செய்தது உடற்பயிற்சியை மட்டும்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அந்த நோயுள்ள 226 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. தாய் சீ என்ற சீனத்து மெதுவான அசைவுப் பயிற்சி, மூச்சு வாங்கச் செய்கிற பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ உதவியது. மெதுவாகச் செய்தாலும் பலன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம். தாய் சீ தெரியாவிட்டால் என்ன, நம் பெண்களுக்குக் கும்மி தெரியும். வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, பாட்டோடு. தைப்பொங்கலுக்கு மட்டும் அதை வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

என்ன செய்யலாம் என்று காட்டுகிறோம், இருந்த இடத்திலேயே செய்யுங்கள். மலையில் கூடையை இறக்கி வைத்த உடனே, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், மெதுவாகப் பின்னுக்குச் சாயுங்கள். கொஞ்சம் போதும். ஐந்து தரம். ஒவ்வொரு முறை கொழுந்து நிறுக்கும்போதும் இதைச் செய்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் ஆகிவிடும், தனி நேரம் தேவையில்லை. கழுத்துக்கு, நேராகப் பார்த்தபடி நாடியைப் பின்னுக்கு இழுங்கள், இரட்டை நாடி விழுகிற மாதிரி. சிரிப்பு வரும், பரவாயில்லை. ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். தோளைக் காது வரை தூக்கி, பின்பக்கமாக உருட்டி இறக்குங்கள், இரண்டு தோள்பட்டை எலும்பும் ஒன்றையொன்று தேடுகிற மாதிரி. விரலை இறுக்கி மூடி, பிறகு முழுக்க விரித்து, மணிக்கட்டை மேலும் கீழும் வளையுங்கள். கயிறு இழுத்துப் பிடித்த தலையை அவசரமாகச் சுற்றிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்வது வேறு. லயத்துச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, சுவரைத் தள்ளுவது போல முன்னுக்குப் போய் வாருங்கள், எட்டுத் தரம். வாசல் படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, இருபது எண்ணும் வரை நில்லுங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு. காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்களுக்கு இது நல்லது. பெஞ்சில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும்புவது தொடைக்கு. படங்குச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் பிடியுங்கள், பிறகு மற்றது. அதன் பிறகு இரண்டு காலையும் மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். கர்ப்பிணிப் பிள்ளைகள் மல்லாந்து படுத்துச் செய்வதை மருத்துவமாதுவிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். படுக்கும்போது பக்கவாட்டில் படுத்து இரண்டு முழங்காலுக்கும் இடையில் ஒரு பழைய தலையணை வைத்தால் இடுப்புக்கு ஆறுதல்.

எவ்வளவு செய்வது என்பதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். நல்ல நாளில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது, மறு நாள் எழும்ப முடியாமல் "எக்சசைஸ் சரிவராது" என்று விட்டுவிடுவது. முதல் வாரம் இரண்டே இரண்டு அசைவு. முடியும் என்று தோன்றுவதில் பாதி. செய்யும்போது கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கலாம். மறு நாள் காலையில் வழக்கத்தைவிட நோவு கூடியிருந்தால், அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம், குறையுங்கள். கூடாவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்றைச் சேருங்கள். ஆறு எட்டு வாரம் போனால்தான் வித்தியாசம் தெரியும். நோவு முழுக்கப் போய்விடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். தூக்கம் கொஞ்சம் சரியாகி, காலையில் விறைப்புக் குறைந்து, குளிசை இல்லாத நாட்கள் கூடினால் அது பெரிய வெற்றி. பக்கத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இருந்தால் வைத்தியரிடம் துண்டு எழுதிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை.

இப்போது ஆண்கள் பக்கம் திரும்புகிறோம். அண்ணன்மாரே, வீட்டில் அக்காவுக்கு முதுகு நோவு என்றால் தைலம் வாங்கிக் கொடுக்கிறீர்கள், நல்லது. மாலை நாலரைக்குக் கூடையை இறக்கிய அதே இடுப்பில் ஐந்து மணிக்குத் தண்ணீர்க் குடம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து விறகுக் கட்டு அதே தலையில் இறங்குகிறது. பிறகு குனிந்து அடுப்பூதுகிறார், குனிந்து துணி துவைக்கிறார். எந்தத் தைலம் இதை ஈடுசெய்யும்? தண்ணீரையும் விறகையும் ஆண்கள் எடுத்துக்கொண்டால் அதுவே பாதி வைத்தியம். அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் திண்ணை கட்டி வைப்பதும் ஒரு நாள் வேலைதான். இந்த விசயத்தில் சங்கம் துரையிடம் மகஜர் கொடுக்க முடியாது, அது உங்கள் கையில் இருக்கிறது. பின்னால் நிற்கிற தம்பிமார் இப்போது ஏன் வெளியே பார்க்கிறீர்கள்?

துரையிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. இங்கே கவனமாக இருக்க வேண்டும். நாளைக்கு நிர்வாகமே "உங்கள் சங்கம் எக்சசைஸ் சொல்லிக் கொடுத்ததே, பிறகேன் நோவு?" என்று கேட்டுவிட்டுக் கிலோவைக் கூட்டப் பார்க்கலாம். பாரத்தைக் குறைக்காமல் பயிற்சி மட்டும் செய்வது, ஓட்டைக் கூரைக்குக் கீழே வாளி வைப்பது மாதிரி. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இலேயே 127ஆம் இலக்க உடன்படிக்கையில், சுகாதாரத்துக்குக் கேடு வரக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியும் கையால் சுமக்கக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது, பெண்களுக்கான பாரம் ஆண்களுக்கானதை விடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

ஆகவே கமிட்டி இந்த மாதம் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்கப் போகிற கடிதத்தில் சில காரியங்களைக் கேட்கிறோம். காலைப் பெரட்டில் பேர் குறித்த பிறகு, வேலை நேரத்துக்குள்ளேயே, ஏழெட்டு நிமிசம் உடம்பைத் தளர்த்திக்கொள்ள விட வேண்டும். கூடை நிறைந்து வழியும் வரை சுமக்காமல், தூரத்து மலைகளில் நிறுவையை மலைக்கே அடிக்கடி கொண்டுவர வேண்டும். மடுவத்துக்குச் சுமந்து வருகிற தூரம்தான் கழுத்தை உடைக்கிறது. தலைக்கயிற்றுக்கு அகலமான பட்டி வேண்டும். நோவென்று வைத்தியத் துண்டு கொண்டுவருகிறவருக்கு, துண்டில் சொன்ன காலத்துக்கு இலகு வேலையும் முழுப்பேரும் வேண்டும். நாங்கள் அதிகம் வற்புறுத்தப் போவது இந்தக் கடைசிக் கோரிக்கையைத்தான், சண்டை வரப்போவதும் இதில்தான். அதற்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும். நோவு வந்த திகதி, வேலை செய்த மலை நம்பர், அன்றைய கிலோ, அரைப்பேர் விழுந்த நாள், ஆஸ்பத்திரிக்குப் போன நாள், இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். தைலம் தேய்க்கிற பிள்ளை இதையும் செய்யும். மலையில் வழுக்கி விழுந்து அடிபட்டால் அது வேறு கணக்கு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்கு இருக்கிறது. விழுந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பதியுங்கள், கூட நின்றவர்களின் பெயரையும் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு வாரத்துக்குப் பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலை மண்டபத்தைக் கேட்டு எடுத்திருக்கிறோம். பிள்ளைகளின் மேசை கதிரைகளை நகர்த்தி இடம் செய்துவிடலாம். வருகிறவர்கள் ஒரு படங்குச் சாக்கு, ஒரு தண்ணீர்ப் போத்தல், கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். பிரஷர், சீனி, நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் எங்களிடம் சொல்ல வேண்டும். கைப்பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையோடு வரலாம், பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மேல் டிவிசனிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும் என்பதால் சரியாக மூன்று மணிக்குத் தொடங்குவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே முன்னால் மேசைக்கு வாருங்கள்.